24 கல்யாணம் = ஒரு டிஜே பெட்டி

காலேஜில் ரெண்டு பேர், தெருவில் ஒருத்தன், சவேரியார் கோயில் திருவிழாக் கடையில் முன்னப்பின்ன தெரியாத ஒரு பையன்... ஆளாளுக்கு ஒரே கேள்வி. "மக்கா, செகண்ட் ஹேண்ட்ல டிஜே கன்ட்ரோலர் எது வாங்கலாம்?" ஒவ்வொருத்தருக்கும் முக்கால் மணி நேரம் விளக்கி விளக்கித் தொண்டை காய்ந்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதி வைத்துவிடுகிறேன். இனிமேல் கேட்பவர்களிடம் இதைக் கொடுத்துவிட்டு நான் டீ குடிக்கப் போகலாம் :-)

முதலில் காசு. என் பட்ஜெட் 12,000 ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. முகூர்த்த நாள் பார்த்துக் கல்யாண மண்டபங்களுக்கு விளம்பப் போவேன். (வெளியூர்க்காரர்களுக்கு: விளம்புவது என்றால் பரிமாறுவது. கோட்டாறில் பந்தி விளம்ப ஆள் கேட்டால் யாரும் போஸ்டர் ஒட்டப் போகமாட்டார்கள்.) ஒரு கல்யாணத்துக்கு 500 ரூபாய், சாப்பாடு ஓசி. ஆக 12,000 ரூபாய் என்பது 24 கல்யாணம். பருப்பு வாளியையும் புளிசேரி வாளியையும் தூக்கிக்கொண்டு 24 தடவை பந்தி பந்தியாகக் குனிந்து நிமிர்ந்த காசு. இது வருஷம் முழுக்க வரும் வருமானமும் இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணம் கிடையாது, தவக்காலத்தில் கிறிஸ்தவக் கல்யாணம் அபூர்வம். தப்பான பெட்டி ஒன்று வாங்கினால் திரும்ப 24 கல்யாணம் சேர்க்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும்.

இன்னொரு கெடுவும் இருந்தது. எங்கள் பக்கத்தில் ரேடியோ செட் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் ஆவணி முதல் முகூர்த்தத்திலிருந்து ரிசப்ஷனில் பாட்டுப் போட என்னைக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். நிபந்தனை ஒன்றுதான். "செட்டு என்னுது, பெட்டி ஒன்னுது. ஆனா ஒண்ணு மக்கா, கல்யாண வீட்டுல பாட்டு நடுவுல நிண்ணுச்சுன்னா போறது எம்பேரு, கேட்டியா?" முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவர். அவர் பெயரை என் பழைய பெட்டி கெடுக்கக் கூடாது. விலையை விட இந்தப் பயம்தான் எனக்கு அதிகம் இருந்தது.

சரி, கன்ட்ரோலர் என்றால் என்ன? ரெண்டு வட்டச் சக்கரம், நடுவில் கொஞ்சம் திருகிகள், மேலும் கீழும் நகரும் ஃபேடர்கள், கலர் கலராய் எரியும் பட்டன்கள். பார்த்தால் விமான காக்பிட் மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே பாட்டு கிடையாது. அது கிட்டத்தட்ட ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். நீங்கள் ஒரு திருகியைத் திருப்பினால் யூஎஸ்பி வழியாக ஒரு எண் லேப்டாப்புக்குப் போகும். அந்த எண்ணைப் பார்த்து மென்பொருள் சத்தத்தைக் கூட்டும், குறைக்கும், பாட்டைத் தள்ளும், இழுக்கும். அந்த எண்களின் பாஷைக்குப் பெயர் மிடி. 1983-ல் கீபோர்டுகளும் சின்தசைசர்களும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ள உண்டாக்கியது. இன்னமும் அதேதான் ஓடுகிறது. இந்த மிடியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நமக்குப் பெரிய உபகாரம் செய்யும்.

இதற்கு முன்னால் டிஜே என்றால் ரெண்டு ரெக்கார்டு பிளேயர், நடுவில் ஒரு மிக்ஸர். 1972-ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200தான் அதில் ராஜா. அந்த வரிசையில் இன்றைக்குப் புதுசாய் ரெண்டு வாங்கும் காசுக்கு நல்ல மோட்டார் பைக்கே வாங்கிவிடலாம். கன்ட்ரோலர் வந்ததால்தான் நம்மைப் போன்ற விளம்புகிற ஆட்கள் எல்லாம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடிகிறது.

பழசு என்றதும் அப்பா முகம் சுளித்தார். அவருக்கு நான் சொன்ன கதை இது. ரோலண்ட் கம்பெனி 1980களின் தொடக்கத்தில் டிபி-303 என்று ஒரு சின்னப் பெட்டி போட்டது. பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் இல்லாதவர்களுக்காகச் செய்தது. கேட்டால் பேஸ் கிட்டார் மாதிரியே இல்லை, விற்கவும் இல்லை, 1984-ல் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் செகண்ட் ஹேண்ட் கடைகளில் சல்லிசாகக் கிடந்ததை வாங்கித் திருகிப் பார்த்த சிகாகோ பையன்களிடமிருந்துதான் ஆசிட் ஹவுஸ் என்ற இசையே பிறந்தது. இதில் நமக்கு ஒரு பெருமை உண்டு. அவர்களுக்கு முன்பே, 1982-ல், மும்பையில் சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் அதே 303-ஐ வைத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு ரெக்கார்டு போட்டார். அன்றைக்கு யாரும் கண்டுகொள்ளவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. அப்பா முழுக்கக் கேட்டுவிட்டு, "பழைய பைக்குன்னா எஞ்சினைப் பாப்போம். இதுல என்னத்தலே பாப்ப?" என்றார். சரியான கேள்வி. இந்தப் பதிவு பூராவும் அதற்கான பதில்தான்.

எதைப் பார்ப்பது என்பது நீங்கள் என்ன பாட்டுப் போடப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. யூட்யூபில் வரும் வெள்ளைக்கார அண்ணன்கள் எல்லோரும் ஹவுஸ், டெக்னோ போடுகிறவர்கள். அந்தப் பாட்டுகள் கம்ப்யூட்டரில் செய்தவை. 124 என்றால் முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை நிமிஷத்துக்கு 124 அடிதான், மாறவே மாறாது. அதற்கு சிங்க் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அமுக்கினால் ரெண்டு பாட்டும் தானாகவே கைகோர்த்துக்கொள்ளும். அதனால் அவர்கள் எந்தப் பெட்டியில் எத்தனை பேட், எத்தனை எஃபெக்ட் என்றுதான் பேசுவார்கள்.

நாகர்கோவில் கல்யாண ரிசப்ஷனில் போய் டெக்னோ போட்டால் பெண்ணின் தாய்மாமனே மேடையேறி அடிப்பார். அங்கே வேண்டியது எண்பதுகளின் இளையராஜா, தேவா, அப்புறம் குத்து, அப்புறம் நேற்று ரிலீஸான பாட்டு. இங்கேதான் சிங்க் பட்டன் பல்லை இளிக்கிறது.

காரணம் எளிது. எண்பதுகளின் பாட்டுகளில் பெரும்பாலானவை ஸ்டூடியோவில் ஆட்கள் சேர்ந்து உட்கார்ந்து கையால் வாசித்தவை. (1986-ல் புன்னகை மன்னனிலேயே கம்ப்யூட்டர் இசை வந்தாச்சு என்று சண்டைக்கு வராதீர்கள், பெரும்பாலானவை என்றுதான் சொன்னேன்.) மனுஷன் வாசித்தால் பல்லவியில் ஒரு வேகம், சரணத்துக்குள் நுழையும்போது கொஞ்சம் உற்சாகம், இடையிசையில் இன்னும் கொஞ்சம். கேட்பவருக்குத் தெரியாது, அதுதான் பாட்டின் உயிரே. ஆனால் பாட்டு முழுக்க ஒரே அளவில் கோடு போட்டு வைத்திருக்கும் மென்பொருளுக்கு இது புரியாது. முதல் நிமிஷம் கோடும் தாளமும் சேர்ந்து போகும், மூன்றாவது நிமிஷம் ரெண்டும் வேறு வேறு ஊரில் இருக்கும். ரெக்கார்ட்பாக்ஸ் மாதிரி சிலவற்றில் வேகம் மாறுவதைத் தொடர்ந்து அளக்கும் வசதி இருக்கிறது. போட்டுப் பார்த்தேன். சில பாட்டுக்குச் சரி, சில பாட்டுக்குக் குழப்பம்தான் மிச்சம்.

குத்துப் பாட்டு இன்னொரு தலைவலி. டப்பாங்குத்து பெரும்பாலும் ஆறு எண்ணிக்கையில் போகும். ஒண்ணு-ரெண்டு-மூணு, நாலு-அஞ்சு-ஆறு. கால் ரெண்டு தடவை தட்டும், உள்ளே ஒவ்வொரு தட்டுக்கும் மூன்று சின்ன அடி. மென்பொருள் பெரும்பாலும் எல்லாவற்றையும் நாலு நாலாகத்தான் பார்க்கும். அதனால் கால் நிமிஷத்துக்கு 100 தட்டு தட்டும் பாட்டை அது 150 என்று காட்டும். ஒன்றரை மடங்கு! அந்த 150-ஐ நம்பி சிங்க் அமுக்கினால் அடுத்த பாட்டு அலறிக்கொண்டு ஓடும் அல்லது முனகிக்கொண்டு படுக்கும்.

ஆக, நம்ம ஊர்ப் பாட்டுக்கு ரெண்டு பாட்டையும் காதால் கேட்டு, கையால்தான் சேர்க்க வேண்டும். அதற்கு மூன்றே மூன்று பொருள் சரியாக இருந்தால் போதும்: சக்கரம், பிட்ச் ஃபேடர், ஹெட்போன். கலர் விளக்குகளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பிட்ச் ஃபேடர் என்பது ஓரத்தில் நீளவாக்கில் இருக்கும் வேகக் கட்டுப்பாடு. இது எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மைனஸ் 8-லிருந்து பிளஸ் 8 வரை மொத்தம் 16 சதவீதம். சின்னப் பெட்டியில் ஃபேடர் 60 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் வேகம் சுமார் 0.27 சதவீதம் மாறும். அரை நிமிஷத்தில் ரெண்டு பாட்டும் 80 மில்லிசெகண்ட் விலகிவிடும். ரெண்டு தவில் ஒன்றை ஒன்று துரத்துவது போல் கேட்கும். ஃபேடர் 100 மில்லிமீட்டர் என்றால் அதே பிசகுக்கு 48 மில்லிசெகண்ட். அதைச் சக்கரத்தில் லேசாகத் தட்டிச் சரிசெய்துவிடலாம். இதனால்தான் நான் கையடக்கமான குட்டிப் பெட்டிகளைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன்.

அடுத்தது ஹெட்போன். இதில்தான் பழசு வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஹாலில் ஒரு பாட்டு ஓடும்போது அடுத்த பாட்டு உங்கள் காதில் மட்டும் கேட்க வேண்டும். அதற்குப் பெட்டிக்குள் சவுண்ட் கார்டு இருக்கணும், நாலு சேனல் வெளியே போகணும். ரெண்டு ஹாலுக்கு, ரெண்டு காதுக்கு. எல்லாப் பெட்டியிலும் இது கிடையாது. நுமார்க் மிக்ஸ்ட்ராக் 3 என்றும் மிக்ஸ்ட்ராக் ப்ரோ 3 என்றும் ரெண்டு உண்டு. பார்க்க ஒன்றுபோல் இருக்கும். 'ப்ரோ'வில்தான் சவுண்ட் கார்டு, மற்றதில் இல்லை. விளம்பரம் போடுகிறவர்கள் பலர் அந்த 'ப்ரோ'வைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. 2019-ல் வந்த பயனியர் டிடிஜே-200-லும் சவுண்ட் கார்டு கிடையாது, பிரித்துக் கொடுக்கும் கேபிள் ஒன்று போட்டால்தான் காதில் தனியாகக் கேட்கும். வீட்டில் பழக அது போதும். மண்டபத்துக்குப் போதாது, ஏனென்றால் அந்தக் கேபிள் ஸ்டீரியோவை ரெண்டாகப் பிய்த்து இந்தப் பக்கம் மோனோ, அந்தப் பக்கம் மோனோ என்று கொடுக்கும். எளிய சோதனை: பெட்டியின் பின்பக்கம் சிவப்பு-வெள்ளை ஆர்சிஏ துளைகளும், தனியாக ஹெட்போன் துளையும் இருக்கிறதா? ரெண்டும் இல்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

மூன்றாவது, மென்பொருள். பெட்டி நன்றாக இருந்தும் அதை ஓட்ட மென்பொருள் இல்லை என்றால் அது வெறும் மேஜை அலங்காரம். வெஸ்டாக்ஸ் என்று ஜப்பான் கம்பெனி ஒன்று இருந்தது. டிஜேக்கள் மத்தியில் அவ்வளவு மரியாதை. 2014-ல் திவாலாகிவிட்டது. அதன் பெட்டிகள் இன்றும் அங்கங்கே விற்பனைக்கு வரும், இரும்பு மாதிரி இருக்கும், விலையும் மலிவு. ஆனால் புது விண்டோஸுக்கு டிரைவர் எழுதித்தர அங்கே ஆளில்லை. ஆப்பிள் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கண்டம்: 2019-ல் வந்த கேட்டலினாவோடு 32-பிட் மென்பொருள் எல்லாம் ஓடாமல் போய்விட்டது. பழைய டிரைவர்களில் பலதும் அதோடு போச்சு.

பெட்டியோடு இலவசமாக வந்த மென்பொருள் கோடு இருக்கு ப்ரோ என்று விற்பவர் சொன்னால் அதற்கு மதிப்புப் போடாதீர்கள். அவர் ஏற்கெனவே பயன்படுத்தியிருப்பார். பெட்டியைச் செருகினாலே திறக்கும் ரகம்தான் பழசு வாங்குகிறவனுக்கு நிம்மதி. 2018-ல் வந்த டிடிஜே-400-ஐச் செருகினால் ரெக்கார்ட்பாக்ஸ் தானே திறந்துகொள்ளும். அதற்கு அடுத்து வந்த எஃப்எல்எக்ஸ்4 ரெக்கார்ட்பாக்ஸுக்கும் செராட்டோவுக்கும் சேர்த்தே வேலை செய்யும், போனிலும் ஓடும். ஆனால் அது பழசிலும் என் 24 கல்யாணத்துக்குள் அடங்கவில்லை. நுமார்க் மிக்ஸ்ட்ராக் ப்ரோ எஃப்எக்ஸ், ஹெர்குலிஸ் இன்பல்ஸ் வரிசை இதெல்லாம் செராட்டோவின் இலவச லைட் பதிப்பில் ஓடும். எதுவுமே ஒத்துவரவில்லை என்றால் மிக்ஸ் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது (கடைசியில் மூன்று எக்ஸ் போட்டு எழுதுவார்கள், தேடும்போது வீட்டில் யாரும் பின்னால் நிற்காமல் பார்த்துக்கொள்ளவும்). யார் வேண்டுமானாலும் திருத்தி எழுதலாம் என்பதால் கம்பெனி கைவிட்ட பழைய பெட்டிகள் பலதுக்கும் அதில் யாரோ ஒரு புண்ணியவான் வழி செய்து வைத்திருப்பார்.

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருவோம். எஞ்சினை எப்படிப் பார்ப்பது? மிடியை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அது இங்கேதான். மிடி-ஆக்ஸ் என்று விண்டோஸுக்கு ஒரு இலவச மென்பொருள் உண்டு. பெட்டி அனுப்பும் ஒவ்வொரு எண்ணையும் திரையில் வரிசையாகக் காட்டும். விற்பவர் வீட்டுக்கு உங்கள் லேப்டாப்பைக் கொண்டுபோய்ச் செருகுங்கள். ஒரு திருகியை மிக மெதுவாகத் திருப்புங்கள். 0, 1, 2, 3 என்று 127 வரை ஒழுங்காக ஏற வேண்டும். 40-லிருந்து 71-க்குத் தாவினால் உள்ளே கார்பன் தேய்ந்திருக்கிறது, இல்லை தூசி. அப்புறம் கையை எடுத்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா பாருங்கள். யாரும் தொடாமலே எண்கள் ஓடினால் பேய் குடியிருக்கிறது என்று அர்த்தம் :-) மண்டபத்தில் அந்தப் பேய் சத்தத்தைத் தானே குறைக்கும், கூட்டும். பிட்ச் ஃபேடர் மட்டும் நல்ல பெட்டிகளில் 128 படி இல்லாமல் 16,384 படியாகப் பிரித்து அனுப்பும், ரெண்டு ரெண்டு எண்ணாக வரும், பயப்பட வேண்டாம். (டிராக்டர் கம்பெனிப் பெட்டிகள் சிலது மிடிக்குப் பதில் வேறு பாஷை பேசும். அதற்கு இந்தச் சோதனை எடுபடாது.)

நான் நேரில் போய்ப் பார்த்தது ரெண்டு பெட்டி. முதலாவது நம்ம மாவட்டத்திலேயே ஒரு கடற்கரை ஊரில். விலை 7,500. அதாவது வெறும் 15 கல்யாணம்! "ஒரு தடவ கூட யூஸ் பண்ணல ப்ரோ" என்றார். மேலே பார்த்தால் கண்ணாடி மாதிரி மின்னியது. நான் அதைத் திருப்பி அடிப்பக்க ஸ்க்ரூவைப் பார்த்தேன். எட்டு ஸ்க்ரூவில் ஆறு துரு. உப்புக் காற்று ஸ்க்ரூவைத் தின்றிருந்தால் உள்ளே ஃபேடரை மட்டும் விட்டுவைத்திருக்குமா? மிடி-ஆக்ஸில் போட்டேன். இடது பக்கப் பிட்ச் ஃபேடர் நடுவில் நிற்கவே மாட்டேன் என்றது. யூஎஸ்பி கேபிளை லேசாக ஆட்டினால் பெட்டி செத்துச் செத்துப் பிழைத்தது. "கேபிள் மாத்துனா சரியாயிரும்" என்றார். நான் கொண்டுபோன கேபிளை மாற்றியும் அதே கதை. துளையே ஆடுகிறது, உள்ளே ஈயம் விட்டுப்போயிருக்கிறது. 6,000-க்கு இறங்கினார். அப்புறம் 5,500. 11 கல்யாணம்! சபலம் வந்தது நிஜம். ஆனால் நடு ரிசப்ஷனில் பாட்டு நின்றால் அண்ணாச்சியின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பஸ் ஏறிவிட்டேன்.

ரெண்டாவது திருவனந்தபுரத்தில். எங்களுக்குச் சென்னை பன்னிரண்டு மணி நேரம், திருவனந்தபுரம் ரெண்டு மணி நேரம். ஜங்ஷன் ஸ்டேஷனும் கோட்டாறிலேயே இருக்கிறது, நடந்துபோய் ரயில் ஏறலாம். அதனால் பழைய பொருள் தேடும் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் வலைத்தளங்களில் ஊர்ப் பெயரை நாகர்கோவில் என்று மட்டும் போட்டுத் தேடாதீர்கள். கேரளாப் பக்கம் போட்டுப் பாருங்கள், வரத்து ஒருபாடு அதிகம்.

விற்றவர் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் ஒரு சேட்டன். கேட்டது 14,000. பில் இருந்தது, அட்டைப்பெட்டி இருந்தது. முக்கால் மணி நேரம் நான் பண்ணிய சோதனையைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு சாயா வேறு போட்டுக் கொடுத்தார். (நல்ல பொருள் வைத்திருப்பவர் சோதனைக்கு அவசரப்படுத்துவதில்லை, கவனித்துக்கொள்ளுங்கள்.) திருகிகள் எல்லாம் சுத்தம். சக்கரத்தின் மேல்தளத்தை உள்ளங்கையால் தொட்டால் பாட்டு உடனே நிற்கிறது, எடுத்தால் ஓடுகிறது. பத்துத் தடவை செய்து பார்த்தேன், பத்துத் தடவையும் சரி. ஹெட்போன் துளையில் ஜாக்கைச் செருகித் திருப்பினேன், கரகரப்பு இல்லை. சிவப்பு, வெள்ளை ரெண்டிலும் சத்தம் வந்தது. ஸ்க்ரூவெல்லாம் வெள்ளி மாதிரி.

ஒரே ஒரு குறை. நடுவில் படுத்துக் கிடக்கும் கிராஸ்ஃபேடரை முழுக்க வலது பக்கம் தள்ளியும் இடது பக்கப் பாட்டு மெலிதாகக் கசிந்தது. சேட்டனுக்கு ஸ்க்ராட்ச் பைத்தியமாம், ரெண்டு வருஷம் அதைப் போட்டுத் தேய்த்திருக்கிறார். எனக்கு உள்ளூர சந்தோஷம். ஏனென்றால் ரிசப்ஷனில் நான் கிராஸ்ஃபேடரைத் தொடப் போவதே இல்லை. ஒரு பாட்டை இறக்கி இன்னொன்றை ஏற்ற ரெண்டு பக்கத்துச் செங்குத்து ஃபேடர்கள் போதும், கிராஸ்ஃபேடரை மென்பொருளிலேயே அணைத்தும் வைக்கலாம். ஆனால் அவரிடம் இதைச் சொல்வானேன்? முகத்தைக் கொஞ்சம் வாட்டமாக வைத்துக்கொண்டு 10,000 என்றேன். அவர் 12,000 என்றார். சாயா ஆறும்வரை ரெண்டு பேரும் பேசாமல் இருந்தோம். 11,000-ல் முடிந்தது. 22 கல்யாணம்.

எந்த மாடல் என்று கேட்காதீர்கள். சொன்னால் எல்லோரும் அதே பெயரைத் தேடிப் போய் ஸ்க்ரூவைப் பார்க்காமல் வாங்கி வருவீர்கள். பழசில் மாடல் பெயர் பாதி விஷயம்தான், அந்தக் குறிப்பிட்ட பெட்டி யார் கையில், எந்தக் காற்றில் இருந்தது என்பது மீதிப் பாதி.

வாங்கி வந்து காண்டாக்ட் கிளீனர் அடித்தபின் கிராஸ்ஃபேடர் கசிவு முக்கால்வாசி குறைந்தது. (சைக்கிள் செயினுக்கு அடிக்கும் எண்ணெயை இதில் அடிக்காதீர்கள், பிளாஸ்டிக் கெட்டுப்போகும், தூசி ஒட்டும்.) யாரும் சொல்லித்தராத தொந்தரவு ஒன்று அதற்கப்புறம் வந்தது. அண்ணாச்சியின் மிக்ஸரில் பெட்டியை மாட்டியதும் ஸ்பீக்கரில் "ங்ங்ங்ங்" என்று ஒரே இரைச்சல். 22 கல்யாணம் போச்சு என்று வயிற்றைக் கலக்கியது. அண்ணாச்சி பதறவே இல்லை. என் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கச் சொன்னார். இரைச்சல் நின்றது. சார்ஜர் ஒரு எர்த்திலும் மிக்ஸர் இன்னொரு எர்த்திலும் இருந்தால் ரெண்டுக்கும் நடுவில் கரண்ட் சுற்றிவரும், அந்தச் சத்தம்தான் அது. என் லேப்டாப் சார்ஜர் இல்லாமல் ஒன்றரை மணி நேரம்தான் தாங்கும், ரிசப்ஷனோ ஏழு மணிக்கு ஆரம்பித்துப் பத்து வரை. (2000-ல் வந்த ஒலி மாசு விதிப்படி இரவு பத்துக்கு மேல் திறந்தவெளியில் ஸ்பீக்கர் கூடாது. அண்ணாச்சி 9.55-க்கே மங்களம் பாடிவிடுவார்.) ரெண்டையும் ஒரே பிளக் பாக்ஸில் போட்டதில் பாதி இரைச்சல் போனது. மீதிக்கு அவர் தன் தகரப் பெட்டியைக் கிளறி, நடுவில் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஒரு டப்பாவை எடுத்து மாட்டினார். சத்தம் சுத்தமாக நின்றது. கடையில் கேட்கும்போது ஐசோலேட்டர் என்று கேளுங்கள்.

ஆவணியில் முதல் ரிசப்ஷன் போட்டேன். மூன்று மணி நேரம், பாட்டு ஒரு இடத்திலும் நிற்கவில்லை. எண்பதுகளிலிருந்து குத்துக்கு மாறும் ஒரு இடத்தில் மட்டும் ரெண்டு பாட்டும் கொஞ்ச நேரம் முட்டிக்கொண்டன, சக்கரத்தை லேசாக இழுத்துச் சேர்த்துவிட்டேன். ஆடிக்கொண்டிருந்தவர்கள் கவனித்த மாதிரி தெரியவில்லை. அண்ணாச்சி கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைக் கட்டும்போது மட்டும், "வியாழக்கிழம மீனாட்சிபுரத்துல ஒண்ணு இருக்கு" என்றார்.

கணக்குக் கேட்பவர்களுக்கு: பெட்டி 11,000. ரயில் டிக்கெட், சாயா, பழம்பொரி எல்லாம் சேர்த்து 150. ஆர்சிஏ கேபிள் 350. காண்டாக்ட் கிளீனர் 300. மிச்சம் 200. ஐசோலேட்டர் இன்னும் அண்ணாச்சியுடையதுதான். ஹெட்போன் தம்பியிடம் கடன் வாங்கியது, திருப்பிக் கேட்கிறான். நல்லது ஒன்று வாங்க இன்னும் நாலு கல்யாணம் விளம்பணும்.